போங்கம்மா

வியாழக்கிழமை, ஐப்பசி மழை.

எங்கள் தையல் கம்பெனியில் மனித உரிமைப் பொறுப்பு என் கைக்கு வந்ததும் நான் முதலில் செய்தது, சூப்பர்வைசர்களின் வாயிலிருந்து ‘வாடி, போடி’யை எடுத்ததுதான். துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இன்று மதியம் தையல் வரிசைப் பக்கம் போனபோது செல்வி எழுந்து நின்று பாத்ரூம் போகக் கேட்டுக்கொண்டிருந்தாள். போன வருஷம்வரை எனக்குப் பக்கத்து மெஷின்காரி. சூப்பர்வைசர் அவளைத் திட்டவில்லை. சிரித்த முகமாக, “கைல கீற பீஸை முடிச்சிட்டு அப்பால போங்கம்மா” என்றார்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். முன்பு “போவாதடி” என்பார். நான் நடத்திய பயிற்சியில் வந்தது இந்த ‘ங்க’ மட்டும்தான். அவரைச் சத்தம் போட்டு அவளை அனுப்பிவைத்தேன்.

சாயங்காலம் கம்பெனி வேனில் நான் ஏறியதும் பேச்சு நின்றது. செல்வி பக்கத்தில் உட்கார்ந்து, “தெனமும் இப்டித்தானாடி? சொல்லு, நான் மேல பேசறேன்” என்றேன்.

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: “ஒரு கொறையும் இல்லீங்க மேடம்.”

என் டப்பாவிலிருந்த மீன் துண்டை எடுத்துத் தின்றுவிட்டு, “இன்னாடி மொறைக்கிற?” என்று கேட்டவள் இவள்.

புதுப்பட்டினத்தில் நான் மட்டும் இறங்கினேன். வேன் அவளோடு சதுரங்கப்பட்டினத்துக்குப் போய்விட்டது. அறைக்கு வந்ததிலிருந்து அந்த ‘மேடம்’தான் காதில் கேட்கிறது.

ஒரே ஒரு தடவை என்னை வாய்விட்டுத் திட்டேன்டி, செல்வி.