டபராவில் வைத்த காசு

நேற்றுக் காலை கடைக்குள் நுழைந்ததும் சுண்ணாம்பு வாசனை. பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. புது முதலாளி, அதாவது பழைய முதலாளியின் மகன், அதற்குள் வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டார். டிகாக்‌ஷன் வாசனையோடு சுண்ணாம்பும் சேர்ந்து மூக்கை அடைத்தது. நீங்கள் நின்று காபி ஆற்றிய இடத்துக்குப் பின்னால், மாஸ்டர், புகை ஏறிப் பழுத்த சுவரில், ஒரு சதுரம் மட்டும் வெளுப்பாக இருந்தது. பத்துப் பதினோரு வருஷமாக அங்கே தொங்கிய கண்ணாடி போட்ட அட்டையைக் கழற்றிக் கல்லாப் பெட்டிமேல் வைத்திருந்தார்கள்.

“இது உங்க பிரஸ்ல அடிச்சதுதானேங்க? எழுத்தெல்லாம் மங்கிடுச்சு. இதே மாதிரி புதுசா ஒண்ணு அடிச்சுக் கொடுங்களேன்” என்றார் மகன்.

அட்டையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். இப்போது அது என் வீட்டில், எழுத்து சுவர்ப்பக்கம் இருக்கும்படி சாத்தி வைத்திருக்கிறது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீங்கள் கண்ணை மூடி ஒரு மாதம் ஆகப்போகிறது, மாஸ்டர்.

மொட்டைக் கோபுரத்துப் பஸ் நிறுத்தத்தில் இறங்கினாலே உங்கள் கடை வாசனை வந்துவிடும். உட்காரப் பெஞ்சு கிடையாது. கல்லாவில் காசு கொடுத்துப் பித்தளை டோக்கன் வாங்கி, கல்மேடையில் வைத்தால் நீங்கள் காபி ஆற்றித் தருவீர்கள். நின்றபடி குடித்துவிட்டு டம்ளர் டபராவை மேடையிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டியது. தெப்பக்குளத்துப் பக்கம் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்குப் போகும் பஸ் ஏழரைக்கு. ஏழு இருபதுக்கு நான் உங்கள் முன்னால் நிற்பேன். என் டோக்கனை நீங்கள் பார்க்கக்கூட மாட்டீர்கள். முதல் டிகாக்‌ஷன், பால் குறைவு, சர்க்கரை அரைக் கரண்டி. ஒரு நாளும் கேட்டதில்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர் நீங்கள், ஆனாலும் என்னை அண்ணே என்பீர்கள். மேடைக்கு இந்தப் பக்கம் நிற்கிற எல்லோரும் உங்களுக்கு அண்ணன்தான்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. குடித்து முடித்தவர்கள், எல்லோரும் இல்லை, பாதிப் பேர், காலி டபராவுக்குள் ஒரு சின்னக் காசைப் போட்டு, அதன்மேல் டம்ளரை வைத்துவிட்டுப் போவார்கள். நீங்கள் காசும் டம்ளருமாகச் சேர்த்து, சுவரிலிருந்த சதுர ஓட்டை வழியாகப் பின்கட்டுக்குத் தள்ளிவிடுவீர்கள். ஓட்டைக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற அஞ்சலையம்மா இருந்தார். எனக்கு அவருடைய கை மட்டும்தான் தெரியும். முழங்கை வரை ஈரமும் சாம்பலுமாக வந்து டபராவை வாங்கிக்கொண்டு உள்ளே போகும் கை.

காசு பின்கட்டில் எங்கேயோ ஒரு டப்பாவில் சேர்கிறது, கடை சாத்தியதும் நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

எனக்குப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. அச்சுக் கோக்கப் போய், ஈய எழுத்தை இடம் வலம் மாற்றிப் படித்துப் படித்துத்தான் படிப்பு வந்தது. யாரும் சொல்லித் தராமல் வந்த படிப்பு என்பதால் அதன்மேல் எனக்குப் பிடிவாதம் அதிகம். உழைக்கிறவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும். கூலி போதவில்லை என்றால் முதலாளியிடம் கேட்க வேண்டும். குடித்தவன் போகிற போக்கில் போட்டுவிட்டுப் போவது கூலி அல்ல, தயவு. இது என் கொள்கை. இன்றைக்கும் இதில் ஓர் எழுத்தை எடுத்து மாற்றிக் கோக்க மாட்டேன். அந்தக் கடையில் ஒரு நாளும் நான் டபராவில் காசு வைத்ததில்லை.

நயா பைசா வந்த புதிது. பழைய காசும் புதுக் காசுமாகச் சில்லறை குழம்பிக் கிடந்ததில் டபராவில் காசு கூடுதலாகவே விழுந்தது. அது என் கண்ணை உறுத்தியது. உத்தர வீதியிலிருந்து ஒரு பெரியவர் வருவார், நெற்றி நிறையத் திருமண், கையில் குடை. ஒரு நாள் அவர் காசை வைத்துவிட்டுத் திரும்பியதும் நான் அதை எடுத்து நீட்டினேன்.

“சாமி, காசை மறந்துட்டீங்க.”

“மறக்கலை ஓய். வச்சுட்டுத்தான் போறேன்.”

“யாருக்குங்க?”

“எடுக்கறவாளுக்கு.”

“எடுக்கறவங்க இங்க யாரும் பிச்சைக்காரங்க இல்லீங்க.”

பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. காசை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, “காலங்கார்த்தாலே நன்னா இருக்கு” என்று சொல்லியபடி படியிறங்கினார். நின்றிருந்த பஸ் கண்டக்டர், “அண்ணன் காபிக் கடையிலயே கூட்டம் போட்டுட்டாருப்பா! மைக் செட்டு மட்டும்தான் பாக்கி” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நீங்கள் சிரிக்கவில்லை. மேடையைத் துடைத்தபடி, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், “அந்தக் காசு என் கைக்கு வர்றதில்லண்ணே” என்றீர்கள்.

“கைக்கு வரலேன்னா மடிக்கு வருதாக்கும்?” என்றேன் நான், எல்லோருக்கும் கேட்கிற குரலில்.

மறுபடியும் சிரிப்பு. நீங்கள் ஒரு தடவை கல்லாவில் இருந்த முதலாளியைப் பார்த்தீர்கள். ஒரு தடவை சுவர் ஓட்டையைப் பார்த்தீர்கள். அப்புறம் பாலை ஆற்றத் தொடங்கினீர்கள். இரண்டு பார்வையையும் நான் கண்டேன். கண்டு என்ன, திருட்டு வெளிப்பட்டவர் விழிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரமே முதலாளியிடம் பேசினேன். இனாம் வாங்குவதை நிறுத்துங்கள், அதற்குப் பதில் மாஸ்டருக்குச் சம்பளத்தைக் கூட்டுங்கள் என்றேன். போர்டு நான் அடித்துத் தருவதாகச் சொன்னேன்.

“போர்டு ஓசியா?” என்றார்.

“ஓசிதான்.”

“கடைக்கும் கௌரவமா இருக்கும். சரி, மாசம் மூணு ரூபா கூட்டறேன். உங்களுக்காக.”

இனாமை ஒழிப்பதற்கு இனாமாக ஒரு போர்டு. அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. வேலை முடிந்ததும் இருந்து, எங்களிடமிருந்த மர எழுத்திலேயே பெரியதை எடுத்துக் கோத்தேன். ‘இங்கு இனாம் கொடுப்பதும் பெறுவதும் கண்டிப்பாகக் கூடாது.’ கெட்டி அட்டை, கறுப்பு மை, சுற்றிலும் பார்டர். கண்ணாடி மட்டும் முதலாளி போட்டுக்கொண்டார். நானே ஆணி அடித்து மாட்டினேன். உங்களுக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டதாக அன்றைக்குப் பஸ்ஸில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

மறுநாள் ஏழு இருபது. டோக்கனை வைத்தேன். நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள்.

“என்ன காபிண்ணே? ஸ்ட்ராங்கா, லைட்டா?”

ஏழெட்டு வருஷப் பழக்கத்தில் முதல் தடவை கேட்டீர்கள். விளையாடுகிறீர்களோ என்று பார்த்தேன். இல்லை. அடுத்த நாளும் கேட்டீர்கள். அதற்கடுத்த நாளும் கேட்டீர்கள். சம்பளம் கூட்டி வாங்கிக் கொடுத்தவனை அசலூர்க்காரனாக்கிவிட்டாரே, நன்றி கெட்ட மனுஷன் என்று மனசுக்குள் உங்களைத் திட்டினேன். திட்டிக்கொண்டே தினமும் வந்தேன். கடையை மாற்றினால் நான் தோற்றதாகிவிடுமே.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொள்ளிடக்கரைப் பாதையில், செங்கல் சூளைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என்னைப் பார்த்ததும் தலைச்சுமாட்டை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

“அச்சாபீஸு ஐயாதானே? நான் அஞ்சலைங்க. காபிக் கடையில பாத்திரம் தேய்ச்சேன்ல.”

“என்னம்மா இந்தப் பக்கம்? கடைக்குப் போறதில்லையா?”

“எங்கிட்டுங்க போறது? முதலாளி கொடுக்கறது பேருக்குக் கொஞ்சம். மத்ததெல்லாம் டபராக் காசுதான். மாஸ்டருக்குச் சேர வேண்டியதுங்க அது. நான் வேலைக்கு வந்த அன்னைக்கே, டபராவைக் கழுவறவங்களுக்கே இருக்கட்டும்னு விட்டுட்டாரு. முதலாளிக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா எனக்குக் கொடுக்கற கொஞ்சத்தையும் நிறுத்திப்புடுவாருன்னு மாஸ்டர் வாயே தொறக்க மாட்டாரு.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“போர்டு போட்டதும் அது நின்னுபோச்சு. மூணு மாசம் மாஸ்டரு அவருக்குக் கூட்டின மூணு ரூபாயைக் கொண்டாந்து ஓட்டை வழியா நீட்டினாருங்க. நான்தான் வேணாம்னுட்டேன். அவரு வீட்டுலயும் நாலு புள்ளைங்க. இப்ப சூளையில மண்ணு சொமக்கறேன்.” தலைச்சுமாட்டை உதறியபடி, “முதுகுதான் கேக்க மாட்டேங்குது” என்றார்.

அந்தப் போர்டை யார் அடித்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். என் மேல் மை வாசனை அடிக்கிறது, தெரியாமல் எப்படி இருக்கும்? ஆனாலும், “வரேங்க” என்று கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

மறுநாள் முதலாளியிடம் போனேன். அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டு, அவருக்கும் சம்பளம் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்றேன்.

“மாஸ்டருக்கு இனாமை நிறுத்தினோம், அதனால கூட்டினோம். அந்தம்மாவுக்கு எதை நிறுத்தினோம்னு கூட்டச் சொல்றீங்க?” என்றார்.

உண்மையைச் சொன்னால் இத்தனை வருஷம் நீங்கள் மறைத்தது வெளியே வரும். வாயை மூடிக்கொண்டு மேடைக்கு வந்தேன். அங்கே இன்னொரு வழி இருந்தது. “அந்த அட்டையைக் கழற்றுங்கள், நான் செய்தது தப்பு” என்று ஒரு வார்த்தை போதும். அடித்தவன் நான், மாட்டியவன் நான், கழற்றுகிற உரிமையும் எனக்கு உண்டு. ஆணி உங்கள் தலைக்குப் பின்னால், இரண்டு எட்டு வைத்தால் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. நான் டோக்கனை நீட்டினேன்.

“ஸ்ட்ராங்காண்ணே, லைட்டா?”

“உங்களுக்குத் தெரியாததா மாஸ்டர்? தினமும் எதுக்குக் கேக்கறீங்க?”

நீங்கள் டம்ளரைத் துடைத்து வைத்தீர்கள். “கேட்டுக்கறது நல்லதுண்ணே. நாமளா நெனச்சுக்கிட்டுச் செஞ்சா எங்கியோ போய் இடிக்குது” என்றீர்கள். குரலில் குத்தல் இல்லை.

“ஸ்ட்ராங்” என்றேன். காபி எப்போதும் போலச் சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு, இரண்டு வருஷத்துக்கு முன் நீங்கள் வேலையை விட்டு மன்னார்புரத்தில் மகன் வீட்டுக்குப் போகும் வரை, ஒவ்வொரு நாளும் நீங்கள் கேட்டீர்கள், நான் ஸ்ட்ராங் என்றேன். நமக்குள் வேறு பேச்சே இல்லை. அஞ்சலையம்மாவை மறுபடியும் நான் பார்க்கவில்லை. தேடிப் போகவும் இல்லை.

உங்கள்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன், மறைத்து எனக்குப் பழக்கமில்லை. முதலாளி காதில் விழக்கூடாது என்றால், பஸ் நிறுத்தம் வரை வந்து என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம்தானே? வருஷக்கணக்காக இந்தக் குறையைச் சொல்லிச் சொல்லியே என்னைக் காப்பாற்றிக்கொண்டு வந்தேன். ஆனால் நீங்கள் சொன்னீர்கள், மாஸ்டர். முதலாளி ஆறடியில் உட்கார்ந்திருக்கும்போதே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னீர்கள். நான்தான் அதை ஊருக்கெல்லாம் சிரிப்பாக்கினேன்.

நீங்கள் தவறிப்போன செய்தி வந்ததும் மன்னார்புரத்துக்கு வந்தேன். தெருமுனையில் நின்றேன். உங்கள் மகன் வந்து, “நீங்க யாருங்க?” என்று கேட்டார். என்ன சொல்வது? “கடையில காபி குடிக்கறவன்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காரவில்லை.

நேற்று அட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே காபி குடித்தேன். இப்போது ஆற்றுகிறவர் யாரையும் எதுவும் கேட்பதில்லை, எல்லோருக்கும் ஒரே காபி. குடித்து முடித்துச் சட்டைப் பையிலிருந்து ஒரு பத்துப் பைசாவை எடுத்தேன். கொள்கை மாறிவிட்டதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். காசை டபராவில் போட்டு, அதன்மேல் டம்ளரை வைத்து, யாரும் பார்க்கிறார்களா என்று திருடன் மாதிரி சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

பஸ் நிறுத்தத்தை எட்டவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஐயா! ஐயா! காசை மறந்துட்டீங்க!”

திரும்பினேன். கடையின் பின்வாசலிலிருந்து, அஞ்சலையம்மா இடத்துக்கு வந்த ஒரு அம்மாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தார். முழங்கை வரை ஈரமும் சாம்பலும்.

“மறக்கலம்மா. உங்களுக்குத்தான் வச்சேன்.”

“எனக்கா?” அவர் கடைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். “அய்யய்யோ, வேணாங்க. கூடாதுன்னு போர்டே இருந்துச்சே. இத்தனை வருசத்துல டபராவுல ஒத்தக் காசு பார்த்ததில்லீங்க நான். முதலாளி கண்டா என்னத்தான் வைவாரு. புடிங்க.”

என் உள்ளங்கையை விரித்துக் காசை வைத்துவிட்டு ஓடினார். என் கக்கத்தில் இருந்தது இன்னதென்று அவர் கவனிக்கவில்லை.

போர்டை நான் மறுபடி அடிக்கப் போவதில்லை, திருப்பிக் கொடுக்கப் போவதும் இல்லை. முதலாளி மகன் வந்து கேட்டால் அதைச் சொல்லிக்கொள்கிறேன். காரணம் கேட்டால் இந்தத் தடவை காரணத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பத்துப் பைசா நேற்று ஈரத்தோடு சட்டைப் பையில் விழுந்தது. பை காய்ந்துவிட்டது, சாம்பல் தடம் மட்டும் இருக்கிறது. காசை இன்னும் வெளியே எடுக்கவில்லை, மாஸ்டர். யாருக்குக் கொடுப்பது என்று கேட்பதற்கு நீங்கள் இல்லை.