தண்ணீரோரம் காய்ந்த தோல்கள்

என் ஆசை நைனாவுக்கு,

அங்கேயாவது உனக்கு லீவு விட்டார்களா? எனக்கு ஷூ கம்பெனியில் பொங்கலுக்கு நான்கு நாள் விட்டார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆம்பூரிலிருந்து பழவேற்காடு வரை போய் வந்தேன். ஆமாம், கடலுக்குத்தான். வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி நீ ஏமாற்றினாயே, அதே கடலுக்கு.

"நாள் பூரா உப்புலதான் நிக்கிறேன், அங்க வேற போய் நிக்கணுமா?" என்பாய். தோல் பதனிடும் ஷாப்பில் உப்புப் போட்ட பச்சைத் தோல்களை உதறி உதறி உன் பாதம் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அதில் கடல் தண்ணீர் பட்டால் எப்படி எரியும் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. ஒரு வருஷம் அந்தக் கோபத்தில் மூன்று நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். இப்போது மன்னிப்புக் கேட்டால் உன் காதில் விழுமா?

போன ஆடியில் நீ போனதிலிருந்து அம்மா பேச்சையே விட்டுவிட்டாள். கேட்டால் "ம்". வற்புறுத்தினால் "வேணாம்". தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடக்கும். உன் பின்னாலேயே இவளும் கிளம்பிவிடுவாளோ என்று பயந்துதான் அழைத்துப் போனேன்.

படகில் ஏரியைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனோம். யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ அலையில் விழுந்து புரண்டு ஆட்டம் போட்டார்கள். காலைச் சுற்றிக் குட்டி நண்டுகள் ஓடின. அம்மா கல் மாதிரி நின்றாள். என் புடவை நனைந்ததுதான் மிச்சம்.

திரும்பும்போது ஏரியில் தூரத்தில், தண்ணீரோரமாக, ரோஸ் கலரில் நீளமாக ஏதோ தெரிந்தது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னாடி இது, இவ்ளோ தோலு! தண்ணி ஓரத்துலயா காயப் போடுவாங்க? ஈரம் ஏறி கலர் இறங்கிடாதா?"

ஆறு மாதத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். சிரிப்பதா அழுவதா எனக்குத் தெரியவில்லை. உன் ஷாப்பு மைதானத்தில் சாயத் தோல்களை விரித்திருப்பார்களே, அச்சு அசல் அப்படியே இருந்தது. நானும் ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன்.

படகுக்காரர் சிரித்தார். "பூநாரைம்மா அது. பறவை."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அத்தனையும் எழும்பின, நைனா! மேலே வெளிர் ரோஸ். இறக்கை விரிந்ததும் உள்ளே சிவப்பு, ஓரத்தில் கறுப்பு. கம்பெனியில் கலர் செக்கிங் பண்ணுகிற எனக்கே அந்தச் சிவப்புக்குப் பேர் தெரியவில்லை. எங்கள் தலைக்கு மேலே வானமே நகர்ந்து போனது. இப்படியும் ஒன்று நம் ஊரிலிருந்து ஒரு நாள் பயணத்திலா இருந்தது?

அம்மா தன் பக்கத்துப் பலகையைத் தட்டினாள். "இன்னாங்க, தோ பாருங்க! தோலெல்லாம் பறக்குது, தோ பாருங்க!"

நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பலகையில் யாரும் இல்லை.

தட்டிய கை அங்கேயே நின்றது. பிறகு வாய்விட்டு அழுதாள். உன் சாவுக்குக்கூட அவள் அழவில்லை, தெரியுமா? படகுக்காரர் மோட்டாரை நிறுத்தினார். கரையேறியதும், "பசிக்குதுடி" என்றாள். இரண்டு துண்டு மீன் சாப்பிட்டாள்.

இனி ஒவ்வொரு தையிலும் அவளை அங்கே கூட்டிப் போவேன். படகில் மூன்று பேருக்கு இடம் பிடிப்பேன். நீ காலை நனைக்க வேண்டாம் நைனா, அந்தப் பலகையிலேயே உட்கார்ந்துகொள்.

உன்னோடு மூன்று நாள் பேசாமல் இருந்த
உன் மூத்த மகள்,
செல்வி