பவித்ராவின் முதுகும் பன்னிரண்டு வாரமும்

என் மச்சான் தங்கராஜு,

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. தை மாதம் உன்னைச் சயான் சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்தோம். இப்போது ஆடி மழை. கடை வாசலில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, வாங்க ஒரு ஆள் இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். உன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால், உன்னிடம் பேசத்தான் வருகிறது. படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

மாட்டுங்காவில் உன் க்ளினிக் இருந்த அறையில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். அங்கே வருகிறவர்களுக்கு நீ காட்டி விளக்கும் பிளாஸ்டிக் முதுகெலும்பு தாராவியில் என் கோடவுனில் தொங்குகிறது. தைக்க வரும் பெண்கள் முதலில் பயந்தார்கள். இப்போது அதன் மேல் குடையைக் காயப்போடுகிறார்கள். உன் தங்கை வள்ளிக்கு அண்ணன் நினைப்பு வந்தால் என்னிடம் சண்டை போடுகிறாள். எனக்கு அலுப்பாக இருக்கிறது மச்சான்.

பவித்ரா விஷயத்தைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். என் மகள், உன் மருமகள். அவள் முதுகெலும்பின் அடியில், இடுப்பின் கடைசி எலும்பில், மயிரிழை மாதிரி ஒரு விரிசல். பன்னிரண்டு வாரம் கபடி கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வு அன்றையிலிருந்து பத்தாவது நாள். மூன்று வருடமாக அந்த ஒரு நாளுக்காக ஓடியவள். இந்த நேரம் பார்த்து நீ இல்லாமல் போனால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

நம்மைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் முட்டிப் பட்டை, கணுக்கால் பட்டை, இடுப்பு பெல்ட் தைத்து மொத்தமாக விற்கிறவன். நீ, வருகிறவர்களிடம் எல்லாம் அதைக் கழற்றிப் போடச் சொல்கிறவன். ஊரில் உனக்குப் பெயர் சொடக்கு டாக்டர். கைரோபிராக்டிக் என்று பலகையில் எழுதியிருந்ததை யாரும் வாயால் சொன்னதில்லை. கபடிக்காரர்கள், ஓட்டக்காரர்கள், மைதானத்தில் பந்து வீசித் தோள் போனவர்கள், எல்லோரும் உன் கை முதுகில் பட்டு ஒரு ‘டக்’ கேட்க வேண்டும் என்றுதான் வருவார்கள். நீயோ அவர்களை நடக்கச் சொல்லி, குனியச் சொல்லி, ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, அரைமணி நேரம் பார்த்துவிட்டு, சில பேரைக் கையே வைக்காமல் அனுப்பிவிடுவாய்.

நாம் முதலில் கூட்டாளிகள். அப்புறம்தான் உன் தங்கையைக் கட்டினேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை என்னை ‘லே’ என்றவன், மறுநாளிலிருந்து ‘வே’ என்று மரியாதை கொடுக்க ஆரம்பித்தாய். கிண்டல் மட்டும் மாறவில்லை.

“என்னவே மாப்ள, பெட்டியில ‘அணிந்தால் வலி பறக்கும்’னு போட்டிருக்கீரு? எங்கவே பறக்கும்?”

“எங்க பறந்தா ஒனக்கென்ன? சுத்திட்டு ஒன் க்ளினிக்லதான வந்து உக்காரும்.”

நீ சிரிப்பாய். ஆனால் அடுத்த தடவை வரும்போதும் அந்தப் பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உட்காருவாய்.

ஒவ்வொரு மே மாதமும் க்ளினிக்கைப் பூட்டிவிட்டு எங்காவது வகுப்புக்குப் போவாய். ஐம்பது வயதில், உன் பாதி வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து. திரும்பி வந்ததும் பழைய ஆட்களுக்கு வரிசையாகப் போன் போடுவாய். ஒரு நாள் நான் பக்கத்தில் இருந்தேன். முலுண்டிலிருந்து வரும் ஒரு ஓட்டக்காரரிடம் நீ பேசினாய்.

“நாலு வருஷத்துக்கு முந்தி ஒங்க கணுக்கால் பெசகுனப்ப, ஒரு மாசம் கால ஊனவே கூடாதுன்னு சொன்னேன்லா? அது தப்புங்க. அடுத்த தடவ அப்படி ஆச்சுன்னா, எலும்பு முறியலன்னு பாத்துட்டு, தாங்குற அளவுக்கு நடங்க.”

நீ போனை வைத்ததும் நான் கத்தினேன். “லூசா நீ? வித்த சரக்கு மோசம்னு தானா போன் போட்டுச் சொல்ற கடைக்காரன ஒலகத்துல எங்கயாவது பாத்திருக்கியா?”

“ஒம்ம சரக்குன்னா ரிட்டன் வந்துரும் மாப்ள. நான் சொன்னது அவங்க கால்லயே தங்கிருதே.”

உனக்குப் படிப்பில் அப்படி ஒரு ஆர்வம் என்றுதான் இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் பேசினார்கள். நான் முன்வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது என்று எனக்கும் சேர்மதுரைக்கும்தானே தெரியும்?

பவித்ரா பிறப்பதற்கு முன்னால் நடந்தது. தாராவியில் கபடி இறுதியாட்டம், என் கடைப் பெயர் போட்ட பனியன், நம் ஆள் சேர்மதுரைதான் பாடிப்போகிறவன். இடைவேளையில் மண்ணில் குப்புறப் படுத்துவிட்டான். இடுப்பிலிருந்து இடது கால் வரை இழுக்கிறது, பாதம் மரத்துப்போச்சு என்றான். நீ அப்போதுதான் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருந்தாய். நீ தயங்கினாய். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

“ஒரு சொடக்குப் போட்டு அனுப்பு மச்சான். இன்னும் இருபது நிமிஷந்தான்” என்று சொன்னவன் நான்.

நீ அவன் இடுப்பைத் தடவிப் பார்த்து, “கை சொல்லுது மாப்ள, ஒண்ணுமில்ல” என்றாய். டக் என்று சத்தம் கேட்டது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். சேர்மதுரை எழுந்து குதித்துப் பார்த்தான். நாம் ஜெயித்தோம். ராத்திரி வரைக்கும் அவனைத் தோளில் வைத்து ஆடினோம்.

இரண்டு வாரத்தில் அவன் இடது காலிலிருந்து செருப்பு தானாகக் கழன்று விழ ஆரம்பித்தது. பாதத்தைத் தூக்க முடியவில்லை. ஆபரேஷன் பண்ணியும் பாதத்துக்குப் பாதி பலம்தான் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ சொன்னாய்: “வலி நின்னுட்டுன்னு பாத்தேன் மாப்ள. ஏன் நின்னுச்சின்னு கேக்காம விட்டுட்டேன்.” அதற்கு அடுத்த மே மாதம்தான் முதல் தடவையாக க்ளினிக்கைப் பூட்டினாய். என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. சாகிற வரைக்கும் ‘நான் பண்ணின தப்பு’ என்றே சொல்லிக்கொண்டிருந்தாய். இன்றைக்கு நான் எழுதிவிட்டேன். பாதி தப்பு என்னுடையது.

நீ தப்பிலிருந்து படித்துக்கொண்டே போனாய். நான் பெல்ட் தைத்துக்கொண்டே இருந்தேன்.

சித்திரையில் பவித்ரா இடுப்பு வலி என்றாள். தேர்வு நெருங்குகிறதே, நான் என்ன செய்தேன் தெரியுமா? இருப்பதிலேயே நல்ல பெல்ட்டை எடுத்து, அவள் உடம்புக்குத் தக்கபடி தைக்கச் சொல்லி, பனியனுக்கு உள்ளே தெரியாமல் கட்டிவிட்டேன். அவளும் “மஸ்த் பா, வலியே இல்ல” என்றாள். இரண்டு மாதம் அந்தப் பெல்ட்டோடு விழுந்து எழுந்து ஆடினாள். எனக்குப் பெருமை வேறு. ஒரு நாள் காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டாள். வள்ளிதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேனில் விரிசல் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் வள்ளி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “எங்கண்ணன் இருந்திருந்தா, இவள அவன்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பீங்களா, இல்ல அப்பவும் பெல்ட்டுதான் கட்டியிருப்பீங்களா?” நான் எழுந்து கடைக்குப் போய்விட்டேன்.

செம்பூரில் ஒரு பையன் இருக்கிறானாம், சொடக்குப் போடுவதை வீடியோ எடுத்துப் போடுகிறான், சத்தம் கேட்கக் கழுத்துக்குப் பக்கத்தில் மைக் வைக்கிறான், ஏகப்பட்ட பேர் பார்க்கிறார்கள். பவித்ரா அவனிடம் நேரம் வாங்கிவிட்டாள். இரண்டே தடவையில் ஆட அனுப்பிவிடுவேன் என்று சொன்னானாம். “ப்ளீஸ் பா, ஒரு தடவ” என்றாள். உண்மையைச் சொல்கிறேன், நானும் ஆசைப்பட்டுத்தான் போனேன். வேலை கிடைத்தால் அவள் வாழ்க்கை முழுக்க நிம்மதி. கைக்கு வந்ததை நான் எப்போதாவது விட்டிருக்கிறேனா?

அவன் இவளைக் குப்புறப் படுக்கச் சொன்னான். நான் ஸ்கேன் கவரை நீட்டினேன். வாங்கவில்லை.

“அதெல்லாம் வேணாம் அங்கிள். கை சொல்லும்.”

அன்றைக்குக் கபடி மண்ணில் நீ சொன்ன அதே வார்த்தை. உன் குரலிலேயே கேட்டது மச்சான். அவன் நல்ல பையனாகக்கூட இருக்கலாம். நீயும் அந்த வயதில் நல்ல பையன்தான். “பவி, எந்திரி” என்றேன். அவள் எழவில்லை. கையைப் பிடித்து எழுப்பி வெளியே கொண்டுவந்தேன்.

ஆட்டோவில் சயான் வரைக்கும் அழுதாள்.

“மாமா மாமான்னு அவரு பேர வச்சு என் லைஃப கெடுக்காதீங்க பா. அடுத்த செலக்சன் எப்ப வரும்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“பெல்ட் கட்டுனது யாரு? நீங்கதான? அப்ப நல்லா இருந்துச்சா?”

“நான்தான் கட்டுனேன். தப்பு.”

ஆட்டோக்காரன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

நான் சொன்னால் கேட்கமாட்டாள் என்று மறுநாள் சேர்மதுரையை வீட்டுக்கு வரச்சொன்னேன். வடாலாவில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் ஆளாக இருக்கிறான். பாதத்தை இழுத்துக்கொண்டு படி ஏறி வந்தான். அவன் இவளைப் பயமுறுத்துவான், வேலை சுலபமாகும் என்பது என் கணக்கு. அவன் காபியைக் குடித்துவிட்டு வேறு ஒன்று சொன்னான்.

“அன்னைக்கு ஆடுனதுக்கு நான் வருத்தப்படல பாப்பா. அந்தக் கைதட்டல் சத்தம் இன்னும் காதுல கேக்குது. ஆனா என்னைய யாருமே கேக்கல. அண்ணாச்சியும் டாக்டரும் எனக்கு மேல நின்னு அவங்களே பேசி முடிச்சிட்டாங்க. கால் போகும்னு சொல்லியிருந்தா ஆடியிருப்பனா, மாட்டனா, எனக்கே தெரியாது. ஒனக்கு ஸ்கேன் இருக்கு, சொல்றதுக்கு ஆளு இருக்கு. நல்லாக் கேட்டுட்டு நீயே சொல்லு.”

அவள் என்னைப் பார்த்தாள். சேர்மதுரை கதையில் என் பங்கு அவளுக்கு அதுவரை தெரியாது. அவன் முன்னாலேயே முழுக்கச் சொன்னேன். அவன் “விடுங்க அண்ணாச்சி” என்றான். நான் விடவில்லை. கோடவுனிலிருந்து உன் பிளாஸ்டிக் முதுகெலும்பைக் கொண்டுவந்து, டாக்டர் காட்டின இடத்தைத் தொட்டுக் காட்டினேன். இப்போது ஆடினால் விரிசல் முழு முறிவாகலாம், ஆகாமலும் போகலாம், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்றேன்.

அந்த எலும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். “நான் செலக்சனுக்குப் போகலன்னா, கடையில பிளேயர்ஸுக்குப் பெல்ட் விக்கிறத நிறுத்துவீங்களா?”

“முடியாது பவி. மூட்டை தூக்குறவங்க வாங்குறாங்க, வயசானவங்க வாங்குறாங்க. நம்ம சோறு அது. ஆனா பெட்டியில இருக்குற அந்த வரிய எடுத்துர்றேன். ஆடுற பிள்ளைங்க யாராவது வந்து கேட்டா, முதல்ல போய்க் காட்டிட்டு வாங்கன்னு சொல்லுறேன்.”

“பக்கா?”

“பக்கா.”

தேர்வு போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அவள் போகவில்லை. அவளோடு ஆடுகிற இரண்டு பிள்ளைகள் தேர்வானார்கள் என்று போன் வந்தது. வாழ்த்துச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் ரொம்ப நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டாள். நானும் வள்ளியும் வெளியே உட்கார்ந்திருந்தோம். நல்லது செய்துவிட்டோம் என்கிற நிம்மதி எனக்குத் துளியும் வரவில்லை. உனக்கு எப்போதாவது வந்ததா மச்சான்? கையே வைக்காமல் அனுப்பினாயே, அவர்கள் உன்னைத் திட்டிக்கொண்டே படி இறங்கும்போது உனக்கு எப்படி இருந்தது? ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சாயங்காலம் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “மாமா இருந்தா என்ன பா சொல்லியிருப்பாரு?”

“தெரியல. ரெண்டு நாள் டைம் குடு, படிச்சிட்டு வாரேன்னு சொல்லியிருப்பாரு.”



பன்னிரண்டு வாரமும் புதன்கிழமை தோறும் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பயிற்சி. முதல் புதன்கிழமை நானும் அவளோடு போனேன். பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். வேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். எனக்குப் பாதி புரியவில்லை. முப்பது வருடமாகத் தெரியாததையும் தெரிந்த மாதிரிப் பேசித்தான் நான் வியாபாரம் பண்ணியிருக்கிறேன். அன்றைக்குக் கையைத் தூக்கி, “நிறுத்தும்மா, இது புரியல, முதல்லேர்ந்து சொல்லு” என்றேன். பவித்ரா வெட்கப்பட்டு என் தொடையில் கிள்ளினாள். அந்தப் பெண் முதலிலிருந்து சொன்னாள்.

இன்னும் பதினோரு புதன்கிழமை இருக்கிறது. பதினொன்றுக்கும் கடையை அடைத்துவிட்டு நான் போவேன். அதற்கு அப்புறம் அவள் ஆடுவாளா, வேலை வருமா, எதையும் நான் உனக்கு உறுதி சொல்ல முடியாது. அவள் முதுகைப் பற்றி யார் என்ன சொன்னாலும், புரிகிற வரைக்கும் கேட்பேன். அவள் கோபம் எத்தனை நாள் இருந்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் தங்கை வள்ளியைக் கட்டியவன்,
பவித்ராவின் அப்பா,
உன் மாப்ள முத்துப்பாண்டி