தமிழரசியின் கோழிக்குஞ்சுப் பாட்டு

ஜமுனாமரத்தூர்

அன்பு மகள் கோகிலவாணிக்கு அப்பா எழுதுவது. முழங்கால் வலி நீங்கலாக நானும் உன் அம்மாவும் சுகம். ஓயாமல் காற்றடிக்கும் அந்தப் பாகூ நகரத்திலும் நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் சுகமாயிருக்க வேண்டும். புளியும் சாமையும் அனுப்பும் பார்சலிலேயே இதை வைக்கிறேன், போனில் பேச ஆரம்பித்தால் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள்.

மூன்று வயதாகியும் பேத்தி வாய் திறக்கவில்லையே என்று உன் அம்மா காளியம்மனுக்குச் சேவல் நேர்ந்துகொண்டது உனக்குத் தெரியும். பிள்ளையும் திறந்தாள். தமிழரசி என்று நான் ஆசையாகப் பேர் வைத்த பிள்ளை, அந்த ஊர்ப் பாலர் பள்ளியில் கற்ற அஜர்பைஜான் கோழிக்குஞ்சுப் பாட்டோடு வாயைத் திறந்தாள். நீ அனுப்பிய வீடியோவை ஊர் முழுக்கக் காட்டிவிட்டு உன் அம்மா, ஆடி வெள்ளியில் சேவலை அறுத்துவிட வேண்டும் என்றாள். பாட்டுதானே பாடுது, நம்மகிட்ட ஒரு வார்த்தை பேசலியே, அதுக்குள்ள இன்னா அவசரம் என்றேன். விவகாரம் பூசாரி முனியனிடம் போனது. "வாய் தொறக்கணும்னுதானே வேண்டிக்கின, எந்த பாஷையிலன்னு சொல்லலியே" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அறுக்கிற சேவலில் தொடைக்கறி பூசாரிக்குத்தான் போகும் என்பதை நான் அங்கே பேசவில்லை.

குஞ்சுகளைக் கொஞ்சுகிற பாட்டுக்காக ஒரு சேவல் குழம்பானது. உன் அம்மா அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டேதான் மசாலா அரைத்தாள். நானும் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன், ருசியில் குறையில்லை. மனசில்தான் குறை. எத்தனை கூப்பிட்டாலும் பிள்ளை போனில் என் முகத்தைப் பார்க்காமல் ஓடிவிடுகிறாளே, அது எனக்குத் தாங்கவில்லை. டீக்கடை சின்னராஜ் சிரிக்கச் சிரிக்க, அங்கேயே உட்கார்ந்து வீடியோவைப் போட்டுப்போட்டுப் பாட்டைப் பழகினேன். போன ஞாயிறு நீ போனை அவள் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாய் அல்லவா, அப்போது பாடினேன். பயத்தில் ஒரு வரி மாறிப்போனது. ஓடப்போனவள் நின்றாள். திரும்பி வந்து என் முகத்தை நேராகப் பார்த்து, விரலை ஆட்டித் திட்டி, சரியான வரியைப் பாடிக்காட்டினாள். நான் வேண்டுமென்றே மறுபடி மாற்றினேன், மறுபடி திட்டினாள். பாஷை புரியவில்லை, என்னிடம்தான் பேசுகிறாள் என்பது புரிந்தது. அழுதுவிட்டேன் கண்ணு.

உடம்பைப் பார்த்துக்கொள், மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், புளியை ஒருநாள் வெயில் காட்டி எடுத்துவை. காளியம்மன் உங்கள் மூவரையும் கைவிடாமல் இருப்பாள். ஒன்று மட்டும் மறக்காதே. இப்போது எனக்கு அந்தப் பாட்டு முழுக்கச் சரியாகத் தெரியும். அதைப் பிள்ளையிடம் சொல்லிவிடாதே.

என்றும் உன் அப்பா,
துரைக்கண்ணு