கொசு, அட்டை, அக்கா

செப்டம்பர் 6, சனி
கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தால், அக்கா மகள் மஞ்சுளா வாசலில் நிற்கிறாள். முகம் தொங்கி முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆயுதபூஜை லீவில் ஒரு மலையேற்றக் குழுவோடு வால்பாறைப் பக்கம் போக ஆசை. திரௌபதி அக்கா விடவில்லை. போன வருஷம் டெங்கு வந்து மஞ்சு ஆஸ்பத்திரியில் கிடந்தாள் அல்லவா, அதிலிருந்து எங்கள் பாகூரில் எந்தக் கொசுவும் அக்கா இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

நேரே அக்காவிடம் போய் நெஞ்சை நிமிர்த்தினேன். "நான் கூடப் போறேன்க்கா, கொசு மருந்தெல்லாம் நான் பாத்துக்கறேன். ஒரு கொசு அவ மேல உக்காந்தா எம் பேரு தங்கராசு இல்ல."

"உன் மேலயே நாலு உக்காந்துகினு இருக்குது, பேசறான் பேச்சு. மொதல்ல உன் மருந்து வேலை செய்யுதான்னு என் கண்ணால பாக்கணும். அப்புறந்தான் மலையும் கிலையும்."

மூவேந்தர்கள்கூட இவ்வளவு கடுமையான உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருக்க மாட்டார்கள்.

செப்டம்பர் 9, செவ்வாய்
வேப்பெண்ணெய். தலை முதல் கால் வரை. அந்தக் கோலத்திலேயே வில்லியனூர் பஸ்ஸில் ஏறினேன். தீபாவளிக் கூட்டத்தில்கூட எனக்கு ஒரு வரிசையே காலியாகக் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டேன். கொசுக்கள் கொஞ்ச நேரம் மரியாதை காட்டின. பிறகு என்னைத் தாளித்துச் சாப்பிட்டன.

செப்டம்பர் 12, வெள்ளி
நொச்சிப் புகை. பிரமாதம்! ஆனால் புகைச்சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் எப்படிப் போவது? "ஃபாரஸ்ட்காரங்க தண்ணி ஊத்தி உன்ன அணைச்சிடுவாங்க மாமா" என்கிறாள் மஞ்சு.

செப்டம்பர் 14, ஞாயிறு
மருந்துக்கடை ராஜ்மோகனிடம், "யானையே திரும்பி ஓடற மாதிரி ஒண்ணு குடுப்பா" என்றேன். பூப்படம் போட்ட ட்யூப் ஒன்று மணந்தது. அதையே எடுத்தேன். மஞ்சு பிடுங்கித் திருப்பினாள்.

"படத்தப் பாக்காத மாமா, பின்னாடி பாரு. டீட், இல்லன்னா பிகாரிடின், ரெண்டுல ஒரு மருந்து இருக்கணும். எத்தினி பர்சென்ட்டுன்னும் பாக்கணும். கம்மின்னா சீக்கிரம் உட்டுடும்."

"இது இருபது பர்சென்ட்டு" என்று வேறொன்றை நீட்டினான் ராஜ்மோகன். "வெயில் க்ரீம் போட்டீங்கன்னா அத மொதல்ல போட்டுட்டு, மேல இத தடவுங்க. கண்ணு, வாய் பக்கம் வேணாம்."

இரண்டையும் வாங்கினேன். பூவை விட மனசில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு
மகா யுத்தம். இடம்: ஏரிக்கரை. டெங்கு கொசு பகலில்தான் கடிக்குமாம், அதனால் பொழுது சாய்வதற்கு முன்பே ஆரம்பித்தோம். இடது கையில் பூப்படம், வலது கையில் இருபது பர்சென்ட். நீதிபதி அக்கா, பிளாஸ்டிக் நாற்காலியில், கண்ணாடியோடு.

இடது கைக்குப் பாகூர்க் கொம்யூனின் அத்தனை ஊர்க் கொசுவும் வந்தது. கடலூரிலிருந்து சொந்தக்காரர்களும் வந்தார்கள். வலது கைக்கு ஒன்றே ஒன்று வந்து, வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்ததுபோல் அலறித் திரும்பியது.

அக்கா என் வலது கையைப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "இதுல ஒண்ணுமே இல்லியே..." என்றாள், மெதுவாக. உடனே குரல் ஏறிவிட்டது. "போய்ட்டு வரட்டும். ஒரே ஒரு கடியோட வந்தாலும் இதான் கடைசி. அப்புறம் மலைன்னு வாயத் தொறக்கக் கூடாது, ஆமா!"

செப்டம்பர் 29, திங்கள்
குழுத் தலைவர் கலைவேந்தனிடமிருந்து வாட்ஸ்அப்: "மழை பெய்திருப்பதால் அட்டை விஷயத்தில் கவனம். அனைவரும் தக்க ஏற்பாட்டோடு வரவும்."

அடடா, எவ்வளவு பொறுப்பான மனிதர்! நம் பக்கத்தில் அட்டை என்றால் ரேஷன் அட்டை. எனக்குச் சிவப்பு, அக்காவுக்கு மஞ்சள். மழையில் நனைந்தால் கூழாகிவிடும். ஓடிப்போய்க் கெட்டியாக லேமினேஷன் போட்டேன்.

மஞ்சு போனில் கேட்டாள். "அட்டைக்கு ஏற்பாடு பண்ணிட்டியா மாமா?"

"பக்காவா. தண்ணியில ஊறுனாலும் ஒண்ணும் ஆவாது."

"சூப்பர் மாமா! அப்போ நான் தனியா எதுவும் வாங்கல."

அக்டோபர் 1, புதன்
பஸ் ஏறிவிட்டோம். அக்கா கையாட்டவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி
ஐயோ, எப்படி எழுதுவேன். காட்டு முகப்பில் கலைவேந்தன், "அட்டைக்குக் கொண்டுவந்தத எல்லாரும் எடுங்க" என்றார். ஆளாளுக்கு முழங்கால் வரை வரும் சாக்ஸ் எடுத்தார்கள், உப்புப் பொட்டலம் எடுத்தார்கள். நான் கம்பீரமாக ரேஷன் அட்டையை எடுத்தேன்.

கலைவேந்தன் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்து, என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"மாமா... ரத்தம் உறிஞ்சற அட்டை மாமா." மஞ்சுவின் குரல் உடைந்துவிட்டது. "அம்மா இனிமே உடவே மாட்டாங்க."

இன்னாடா பண்ணி வெச்ச தங்கராசு?

பேன்ட்டைச் சாக்ஸுக்குள் சொருகி, சாக்ஸ் மேலும் ஷூ மேலும் அந்த இருபது பர்சென்ட் கொசு க்ரீமைத் தடவினால் ஓரளவு தாங்கும் என்றார் கலைவேந்தன். ட்யூபில் இருந்தது ஒருத்தருக்குத்தான். மிச்சமில்லாமல் பிதுக்கி மஞ்சுவுக்குப் பூசினேன்.

"உனக்கு?"

"என் ரத்தம் எட்டிக்காய்க் கசப்புடி."

இல்லையாம். வெல்லப்பாகாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அட்டைகள் எல்லாம் பந்தியில் உட்கார்ந்தன. "இழுக்காதீங்க, வாய்ப் பக்கமா நகத்த உட்டுத் தள்ளுங்க" என்றார் கலைவேந்தன். நகமா? என்னிடம் கெட்டியான லேமினேஷன் இருக்கிறதே! ரேஷன் அட்டையின் விளிம்பைக் கொடுத்து ஒரு தள்ளு. அட்டை விழுந்தது. பிறகு மொத்தக் குழுவும் என் சிவப்பு அட்டையைக் கடன் கேட்டது.

மஞ்சு உச்சிக்குப் போனாள். ஒரு கடியும் இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு
அக்கா, மகளை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, கழுத்து, கை, கணுக்கால் எல்லாம் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. அடுத்து என் காலைப் பார்த்தாள்.

"இன்னாடா இது, முள்ளு மேல நாட்டியம் ஆடுனியா?"

மஞ்சு கதையைச் சொன்னாள். அக்கா சிரித்தாள், ஆஸ்பத்திரி நாளுக்கப்புறம் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. என் கால் புண்ணைக் கழுவி மருந்து போடும்போதும் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு மஞ்சு உச்சியில் எடுத்த வீடியோவைக் காட்டினாள். கீழே மேகம், மேலே என் மருமகள், காற்றில் துப்பட்டா.

"இன்னொரு தபா போடு" என்றாள் அக்கா.

அக்டோபர் 12, ஞாயிறு
அக்கா தன் மஞ்சள் அட்டையை மஞ்சுவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். லேமினேஷன் போட வேண்டுமாம், கெட்டியாக. எதற்கு என்று நான் கேட்கவில்லை. அக்காவின் சாக்ஸ் அளவு மட்டும் கேட்டனுப்பினேன்.