கன்னடத்து மனெ

செவ்வாய், பௌர்ணமிக்கு முந்தின நாள்.

சாயங்காலம் டிவியில கன்னடப் படம். மாடு, வரப்பு, சேறுன்னு எங்க ஊரு அடி அண்ணாமலை மாதிரியே இருந்துச்சு. ரசிச்சுப் பாத்தேன். பெங்களூர்ல ஒன்பது வருஷம் சித்தாள் வேலை செஞ்சதுல கன்னடம் எனக்குத் தண்ணிபட்ட பாடு.

நாங்க அங்க இருந்தப்பதான் எங்க பங்கு நிலத்தையும் மனை போட்டு வித்துட்டாரு வீட்டுக்காரரோட அண்ணன். இன்னிக்கு அவரும் வந்து உக்காந்தாரு. படத்துல ஒருத்தி தன் மச்சாண்டார்கிட்ட, அதான் புருஷனோட அண்ணன்கிட்ட, ஏதோ சொன்னா.

"மனென்னு என்னமோ சொல்றாளே, என்னம்மா?"

"'எங்க நிலத்த மனை போட்டு வித்தியே, உனக்குச் சோறு எறங்குதா?'ன்னு கேக்கறா மாமா."

மூஞ்சி செத்துப்போச்சு. காப்பியப் பாதியில வெச்சிட்டுப் போயிட்டாரு.

பாவம் அந்தப் பொண்ணு. "மனெகெ பன்னி, ஊட்டா மாடி"ன்னுதான் கூப்பிட்டா. வீட்டுக்கு வாங்க, சாப்பிடுங்கன்னு.