பயத்தோடே வாருங்கள்

கற்பிட்டி
12.01.2025

அன்புள்ள இல்மாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளையும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்தை மாத்திரம் வந்து போகிற ஆட்களிடம் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

றிஸ்மின் தம்பி லீவு முடிந்து நாளைக்குக் குவைத்துக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். கைபேசி இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். வீடியோவில் "எப்ப வாறீங்க?" என்று நான் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். பிறகு லைன் வெட்டுப்படும். கடிதத்துக்கு அந்த வியாதி இல்லை.

நல்ல செய்தியோடு தொடங்குகிறேன். இல்மாவின் கல்யாணப் பேச்சு சரிவந்துவிட்டது. மாப்பிள்ளை இன்சாப், நுரைச்சோலையில் வேலை. அவர்கள் பார்க்க வந்த அன்று பதற்றத்தில் நான் தேத்தண்ணியில் சீனி போட மறந்துவிட்டேன். அந்தப் பிள்ளை ஒரு சொல் சொல்லாமல் கோப்பை முழுவதையும் குடித்து முடித்தது. எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது. நோன்புப் பெருநாள் கழிந்து ஏப்ரல் 27 ஞாயிற்றுக்கிழமை நிகாஹ்.

மகளை நிகாஹ் செய்துகொடுக்கும் பொறுப்புள்ள வலிகாரர் நீங்கள். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள். நீங்கள் போய் ஐந்து வருடம். முதலில் கொரோனா என்றீர்கள், சரி. பிறகு நாட்டில் பெற்றோல் இல்லை, வந்து என்ன செய்வது என்றீர்கள், அதுவும் சரி. இப்போது இரண்டும் இல்லை. நீங்கள் போகும்போது பதினேழு வயது, பாடசாலைச் சீருடையோடு நின்று கையசைத்த பிள்ளை இப்போது சேலை கட்டப் பழகுகிறாள்.

உங்கள் சாரங்களை அலுமாரியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன். திகதியை மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
சிபானா


குவைத்
05.02.2025

என் அன்பு சிபானாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. சீனி இல்லாத தேத்தண்ணிக் கதையை வாசித்துத் தனியே இருந்து சிரித்தேன். நல்ல பிள்ளையாகத்தான் தெரிகிறது.

ஃபைஸல் ஊருக்கு வருகிறான். அவனிடம் இல்மாவுக்கு ஒரு கைக்கடிகாரமும், உனக்கு இரண்டு அபாயாத் துணியும், மாப்பிள்ளைக்கு ஒரு அத்தர் குப்பியும் கொடுத்து விட்டிருக்கிறேன். பச்சைத் துணி உனக்கு நன்றாக இருக்கும்.

லீவு விஷயம்தான் மனக்கஷ்டமாக இருக்கிறது. முதலாளியின் தாய் நோயாளி. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். என்னைத் தவிர வேறு டிரைவரை அந்த மனுஷி நம்புவதில்லை. இப்படியான நேரத்தில் லீவு கேட்பது சரியில்லை.

அதனால் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். என் இடத்தில் நின்று நிகாஹ் செய்துகொடுக்கத் தம்பி இஸ்ஹாக்குக்கு வக்காலத்து எழுதி, இங்குள்ள மௌலவியின் சாட்சியோடு இத்துடன் வைத்திருக்கிறேன். மார்க்கத்தில் இதற்கு ஒரு தடையும் இல்லை. நான் வீடியோவில் எல்லாவற்றையும் பார்ப்பேன். கோபப்படாதே.

உன்
ஜபார்


கற்பிட்டி
26.02.2025

ஜனாப் ஜபார் அவர்களுக்கு,

ஸலாம்.

நீங்கள் அனுப்பிய சாமான்கள் கிடைத்தன. வக்காலத்தும் கிடைத்தது. அதை இந்த உறைக்குள்ளேயே திருப்பி வைத்திருக்கிறேன்.

அங்கே உங்களோடு பழகும் மிஹ்லார் லீவில் வந்து நிற்கிறார். உங்கள் சுகத்தை விசாரித்தேன். வெள்ளை மனதுக்காரர், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். உங்கள் முதலாளியின் தாய் போன வருடமே மவுத்தாகிவிட்டாராம். "போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வா" என்று முதலாளியே உங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. "ராத்தா, வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சா ஜபார் நானா எயார்போட்லதான். தேச்ச சேட்டும் போட்டுக்கிட்டு, ஆக்கள் வெளிய வாற வாசலயே பாத்துட்டு நிப்பார். என்னத்துக்கு நானா எண்டு கேட்டா, சும்மா எண்டுவார்" என்று சொன்னார். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

யாருக்காக நிற்கிறீர்கள்? அவள் எந்த நாட்டுக்காரி? பிள்ளை குட்டி உண்டா? வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் வீட்டுக்குப் பேசும்போது பின்னால் எப்போதும் ஒரு இரைச்சல் கேட்கும். சந்தையாக்கும் என்று நினைத்திருந்தேன். என் மடத்தனம்.

இல்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. "வாப்பா வாறாரா உம்மா?" என்று தினமும் கேட்கிறாள். சோற்றைப் போட்டுக் கொடுக்கிறேன்.

ஒரு விஷயம் எழுதுகிறேன். நன்றாக வாசியுங்கள். மகளுடைய நிகாஹுக்கு நீங்கள் வராவிட்டால், வக்காலத்தை மறுபடி அனுப்பும்போது என்னுடைய தலாக் காகிதத்தையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். ஒரே உறைக்குள் வரட்டும். இரண்டுக்கும் இரண்டு பேரை அலைக்கழிக்க வேண்டாம்.

சிபானா


குவைத்
16.03.2025

சிபானா,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு எழுதுகிறேன். இந்த முறை பொய் இல்லை.

பெண் ஒருத்தியும் இல்லை. அல்லாஹ் மீது சத்தியம். எனக்குப் பயம், சிபானா. விமானத்தில் ஏறப் பயம்.

கடைசியாக லீவு முடிந்து நான் வந்த அன்று நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. நடுக்கடலுக்கு மேலே சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். விமானம் திடீரென்று கீழே போனது. சாப்பாட்டு வண்டி மேலே எழும்பிக் கூரையில் அடித்தது. பெல்ட் கட்டாமல் இருந்த ஒருவருக்கு நெற்றி உடைந்தது. எனக்குப் பக்கத்திலிருந்த கிழவர் மவுத்தாகப் போகிறவர் போலக் கலிமா சொல்லத் தொடங்கினார். கொஞ்ச நேரம்தான். பிறகு எல்லாம் சரியாகி, பத்திரமாக இறங்கினோம். எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

தென்மேல் காற்றில் தனியே படகு கொண்டுபோனவன், இவனுக்கா பயம் என்று கேட்பாய். படகில் சுக்கான் என் கையில் இருந்தது. இங்கே காரின் ஸ்டியரிங் என் கையில் இருக்கிறது. தெருவில் நொறுங்கிய கார்களைக் கிழமைக்குக் கிழமை பார்க்கிறேன், பார்த்துக்கொண்டே ஓட்டுகிறேன். விமானத்தில் நான் ஒரு மூட்டை. ஓட்டுகிறவனின் முகம்கூடத் தெரியாது.

முதலாளியின் மச்சினன் விமானி. அவரைக் கொண்டுபோய் விடும்போது வேறு யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். குலுங்குவது வேறு, விழுவது வேறு என்றார். இறக்கை வளைவதற்காகவே செய்யப்பட்டதாம். ஒரு என்ஜின் நின்றால் மற்றதைக் கொண்டு இறக்குவார்களாம். அவர்கள் பயப்படுவது விமான நிலையத்துக்குப் போகிற ரோட்டுக்குத்தானாம். என் காரில் இருந்துகொண்டு சொன்னார்! என் தலை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது. வயிறு ஒப்புக்கொள்ளவில்லை.

அதனால்தான் வெள்ளிக்கிழமைகளில் போனேன். என் கண்ணால் பார்த்தால் பயம் தெளியும் என்று நினைத்தேன். முதலில் வேலி ஓரம் நின்று விமானங்கள் இறங்குவதைப் பார்ப்பேன். நீ கேட்ட இரைச்சல் அதுதான். ஒன்றன்பின் ஒன்றாக வரும். நான் பார்த்த இந்த இரண்டு வருடத்தில் இறங்காமல் போனது ஒன்றுகூட இல்லை. பிறகு வாசலில் போய் நின்று, வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பேன். கொட்டாவி விட்டுக்கொண்டு வருகிறார்கள். பெட்டி பிந்தியதற்குச் சண்டை பிடித்துக்கொண்டு வருகிறார்கள். என்னைப் போல ஒரு முகத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் முதலாளி டிக்கெட் எடுத்துத் தந்தார். உனக்குச் சொல்லாமல் வந்து நிற்கலாம் என்று போனேன். பெட்டி உள்ளே போய்விட்டது. கதவுக்கு எதிரே கதிரையில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் ஏறிய பிறகு ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். வேறு யாருடைய பெயரையோ கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு இருந்தேன். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு விமானம் போய்விட்டது. அந்தப் பெட்டியில் இருந்த கைக்கடிகாரம்தான் இல்மாவுக்கு ஃபைஸலிடம் வந்தது.

இதை யாரிடம் சொல்வது? கடலுக்குப் போன ஆம்பிளை. பெண் வைத்திருக்கிறான் என்றால்கூட ஊர் நம்பும். இதைச் சொன்னால் சிரிக்கும்.

நெய்னார் காக்கா பெருநாளைக்கு ஊருக்கு வருகிறார். அவரிடம் தருகிறேன். நீ கேட்ட காகிதத்தை என்னால் எழுத முடியாது. வருவேன் என்றும் எழுத முடியவில்லை.

ஜபார்


கற்பிட்டி
06.04.2025

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கல்யாணம் முடித்த புதிதில் இப்படித்தான் கூப்பிட்டேன். இல்மா பிறந்த பிறகு விட்டுப்போனது. இன்று எழுதும்போது தானாக வந்தது.

உங்கள் கடிதத்தைக் குசினியில் நின்றபடியே வாசித்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் போனது. மச்சான், நான் அந்தப் பெண்ணுக்கு ஒரு முகம் வைத்திருந்தேன். வெள்ளை நிறம், உயரம், மூக்குத்தி. அவளோடு மனதுக்குள் சண்டை பிடித்துச் சண்டை பிடித்து இளைத்துப் போனேன். அவள் இருந்திருந்தால் குவைத்துக்கே வந்து கேட்டிருப்பேன். உங்கள் பயத்தோடு நான் எப்படிச் சண்டை பிடிப்பது?

முதலில் கோபம்தான் வந்தது. இதையா ஐந்து வருடம் மறைத்தீர்கள்? பிறகு உங்கள் பெயரைக் கூப்பிடக் கூப்பிட நீங்கள் கதிரையிலேயே இருந்ததை எழுதிய இடத்தை மறுபடி வாசித்தேன். அப்போது அழுதுவிட்டேன். அந்த நேரம் பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் என்று நினைத்தேன்.

இல்மாவிடம் சொல்லிவிட்டேன். இனி இந்த வீட்டில் ஒளிப்பு மறைப்பு வேண்டாம். அவள் சிரிக்கவில்லை. "வாப்பாக்குப் பயமெண்டா நான் போய்க் கூட்டிட்டு வரட்டா உம்மா?" என்றாள். வாசல்படி தாண்டாத பெட்டை, விமானத்தில் போகிறாளாம்.

போன மாதம் முந்தல் ஊரில் ஒரு பஸ் தென்னையில் மோதிக் கவிழ்ந்தது. இரண்டு பேர் மவுத். அடுத்த நாள் எனக்குப் புத்தளம் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டியிருந்தது. பஸ்ஸில் ஏறிக் கம்பியைப் பிடித்தேன். கை நடுங்கியது. நடுங்கிய கையாலேயே பிடித்துக்கொண்டு போய் வந்தேன். வீட்டில் வேலை கிடந்ததால் அதை யோசிக்க நேரம் இருக்கவில்லை.

தலாக் காகிதம் கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் மறுபடி வக்காலத்து அனுப்பினாலும் இந்த முறை திருப்ப மாட்டேன். இஸ்ஹாக் தம்பி நின்று செய்துகொடுப்பார், நான் ஊருக்கு ஏதோ சொல்லிச் சமாளிப்பேன். பொய் சொன்னதை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் இன்னும் எழுத வரவில்லை. அது நீங்கள் முன்னால் இருந்தால்தான் முடியும் போலிருக்கிறது.

ஆனால் ஒன்று. பயம் தெளிந்த பிறகு வரலாம் என்று நீங்கள் வேலி ஓரம் நின்றுகொண்டிருந்தால் இந்தப் பிள்ளைக்குப் பிள்ளையும் பிறந்துவிடும். தெளிய வேண்டாம். பயத்தோடே வாருங்கள். நடுங்கிக்கொண்டு வாருங்கள். நம் வீட்டில் அதைப் பார்த்துச் சிரிக்க ஒருவரும் இல்லை.

நெய்னார் காக்கா நாளை மறுநாள் பயணம். இதை அவர் கையில் கொடுக்கிறேன்.

உங்கள்
சிபானா


விமானத்தில்
24.04.2025

என் சிபானாவுக்கு,

எழுத்து கோணியிருக்கிறது. விமானம் ஆடவில்லை, என் கைதான் ஆடுகிறது.

இந்த முறை பெயரைக் கூப்பிட விடவில்லை. வரிசையில் முதல் ஆளாக நின்றேன். கதவைச் சாத்தும்போது எழும்பி ஓட வேண்டும் போல இருந்தது. பெல்ட்டை இறுக்கிக்கொண்டேன். பக்கத்தில் வீட்டு வேலைக்குப் போய்த் திரும்புகிற ஒரு பெண்பிள்ளை, நம் பக்கத்து உடப்பு ஊர்க்காரி, பெயர் நிரூபா. என்னைப் பார்த்துவிட்டு, "முதல் பயணமா அண்ணே?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். "இல்ல தங்கச்சி, எனக்குப் பயம்" என்றேன். வாயால் ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் சிரிக்கவில்லை. "எனக்கும்தான். கண்ண மூடிக்கிட்டு மகன்ட முகத்த நெனைப்பன்" என்றாள். பிறகு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நித்திரையாகிவிட்டாள்.

நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். வீடியோவில் எத்தனை தடவை பார்த்திருந்தும், கண்ணுக்குள் இல்மாவின் முகம் பதினேழு வயதிலேயே நிற்கிறது. அதற்கு மேல் நான் நேரில் பார்த்ததில்லை. அந்த ஐந்து வருடத்தை நான் பயத்துக்குக் கொடுத்துவிட்டேன், சிபானா. விமானங்கள் எல்லாம் பத்திரமாக இறங்கிக்கொண்டுதான் இருந்தன.

நடுவில் ஒரு முறை குலுங்கியது. பேனை கீழே விழுந்தது. உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன், அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். குலுக்கம் நின்றது. குனிந்து பேனையைத் தேடி எடுத்து எழுதுகிறேன். பயம் போகவில்லை. நீ சொன்னபடி அதையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன்.

மன்னிப்பை நேரில் கேட்கிறேன். எத்தனை நாள் எடுத்தாலும் சரி.

இப்போது கீழே தென்னைகள் தெரிகின்றன. இறங்கப் போகிறோம் என்று அறிவித்தல் வந்துவிட்டது, எழுதுவதை நிறுத்தச் சொல்கிறாள் பணிப்பெண். இந்தக் கடிதத்தை யார் கையிலும் கொடுத்து விடவில்லை. நானே கொண்டு வருகிறேன்.

உன்
மச்சான்